காரணமும் பொறுப்பும்: மதுவக் கலம் எழுப்பும் ஒரு மெய்யியல் வினா

2009 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் திரியெஸ்தே நகர மேன்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்த ஒருவரின் சிறைக்காலத்தை ஓராண்டினாற் குறைத்துத் தீர்ப்பளித்தது. அவருடைய மனநோயைக் கருத்திற் கொண்டு முதல் நீதிமன்றம் ஏற்கெனவே தண்டனையைத் தணித்திருந்தது. மேன்முறையீட்டிற் புதிதாக முன்வைக்கப்பட்டது அவருடைய பரம்பரையலகுகள் பற்றிய அறிக்கையொன்றாகும். வன்செயலுக்கு ஒருவரை எளிதில் இட்டுச் செல்லக்கூடிய சில வேறுபாடுகள் அவருடைய டி.என்.ஏ.யில் உள்ளன என அவ்வறிக்கை கூறிற்று. அவற்றுள் முதன்மையாகப் பேசப்பட்டது, மூளையிற் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் 'மொனோஅமைன் ஒட்சிடேசு ஏ' என்னும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு. இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இப்பரம்பரையலகைப் பொறுத்தவரை, ஆய்வாளர் பேசும் வேறுபாடு நொதியத்தின் அமைப்பைக் குறிக்கும் பகுதியிற் காணப்படுவதன்று. அதற்கு முன்னே நிற்பதும், நொதியம் எவ்வளவு ஆக்கப்படும் என்பதோடு தொடர்புடையதுமான பகுதியில், 30 எழுத்துக்கள் கொண்ட துண்டொன்று எத்தனை முறை மீண்டும் மீண்டும் வருகின்றது என்பதே அவ்வேறுபாடாகும்.

இவ்வாறு பரம்பரையலகுக்கு முன்னே நிற்கும் பகுதியை ஆங்கிலத்தில் 'புரொமோட்டர்' என்பர். இக்கட்டுரையில் அதனைத் தூண்டற்பகுதி எனக் குறிப்போம். பரம்பரையலகிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுதல் எங்கே தொடங்கும், எப்பொழுது தொடங்கும், எத்துணை விரைவாக நிகழும் என்பனவற்றைத் தூண்டற்பகுதியே 'கட்டுப்படுத்துகின்றது' எனப் பாடநூல்கள் கூறும். பாடநூலின் அச்சொல்லைக் கேட்ட நீதிபதி, ஒரு மனிதனின் செயலை அவனுடைய டி.என்.ஏ. கட்டுப்படுத்தியது என்று கொள்வாராயின் அவரை நாம் எளிதிற் குறை கூறிவிட முடியாது. சொல்லை வழங்கியவர்கள் விஞ்ஞானிகளே. ஆகவே விசாரிக்கப்படவேண்டியது அச்சொல்தான். தூண்டற்பகுதி ஒன்று கட்டுப்படுத்துகின்றது என்னும்போது உண்மையில் என்ன நிகழ்கின்றது? அந்நிகழ்ச்சியிற் 'காரணம்' என்று எதனைச் சுட்டுவது முறையாகும்?

இவ்வினாவை மனித மூளையிலிருந்து தொடங்குவது பயன்தராது. அங்கே அறிந்தவற்றிலும் அறியாதனவே மிகுதி. தூண்டற்பகுதியின் தொழிற்பாடு மிகத் தெளிவாக ஆராயப்பட்ட உயிரினங்களுள் ஒன்று மதுவம். பாணையும் மதுவையும் ஆக்குவதும், யாழ்ப்பாணத்து இல்லங்களில் அப்ப மாவுக்குக் கள் விட்டுப் புளிக்க வைக்கும்போது அம்மாவைப் பொங்கச் செய்வதும் இந்த நுண்ணுயிரே. ஒரு கலத்தாலான இவ்வுயிருக்கு நம் கலங்களிற் போலவே கரு உண்டு. கருவினுள் 16 நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய 120 இலட்சம் எழுத்துச் சோடிகளும் 6000 பரம்பரையலகுகளும் அடங்கும். கருவுடைய உயிர்களுள் முதன்முதலாக முழு டி.என்.ஏ.யும் எழுத்தெழுத்தாக அறியப்பட்டது மதுவத்துக்கே. அது 1996 இல் நிறைவேறியது.

மதுவம் விரும்பி உண்பது குளுக்கோசு. கலக்டோசு என்னும் வேறொரு வெல்லத்தையும் அதனாற் பயன்படுத்த முடியும். ஆயினும் அதற்கெனத் தனி நொதியங்கள் வேண்டும். அந்நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளுள் கல்-1, கல்-10 என்னும் இரண்டும் நிறமூர்த்தத்தில் ஒன்றுக்கொன்று முதுகுகாட்டி அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே இரண்டுக்கும் பொதுவான தூண்டற்பகுதி. அவ்வெளியில் 17 எழுத்து நீளமுள்ள இடங்கள் நான்கு உண்டு. ஒவ்வொன்றின் ஒரு முனையில் சீ-ஜீ-ஜீ என்னும் எழுத்துக்களும் மறுமுனையில் சீ-சீ-ஜீ என்னும் எழுத்துக்களும் வரும். கல்-4 என்னும் புரதம் சோடியாக வந்து இவ்விடங்களிற் பற்றிக்கொள்ளும். பரம்பரையலகுக்கு இன்னும் அண்மையில் ரீ-ஏ-ரீ-ஏ எனத் தொடங்கும் ஒரு குறுந்தொடர் உண்டு. படியெடுக்கும் பொறித்தொகுதி வந்து கூடுவதற்கு உதவும் புரதமொன்று அதிற் பொருந்தும்.

கலக்டோசும் இல்லை, குளுக்கோசும் இல்லை என்னும் நிலையிற் கல்-4 தன்னிடத்திற் பெரும்பாலும் அமர்ந்தே இருக்கும். ஆனால் அதன் செயற்படும் பகுதியைக் கல்-80 என்னும் மற்றொரு புரதம் மூடிக்கொண்டிருக்கும். கலக்டோசு கலத்தினுட் புகுந்தவுடன் அது கல்-3 என்னும் புரதத்தோடு இணையும். அவ்வாறிணைந்த கல்-3 கல்-80 ஐப் பற்ற, கல்-4 இன் முகம் திறக்கும். திறந்த முகம் படியெடுக்கும் பொறித்தொகுதியின் உறுப்புக்களைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். கல்-1 இன் படியெடுப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்காகப் பெருகும். ஊடகத்திற் குளுக்கோசு இருந்தாலோ, மிக்-1 என்னும் அடக்கற் புரதம் கருவுட் புகுந்து, கலக்டோசு எவ்வளவு இருப்பினும் இவ்வேலையைத் தடுத்துவிடும்.

இவ்வளவு விரிவாகக் கூறியமைக்குக் காரணம் உண்டு. இச்சங்கிலியில் ஆணையிட்டவர் யார் என்று வினவிப் பார்க்கலாம். கல்-1 ஏன் படியெடுக்கப்பட்டது? பொறித்தொகுதி வந்து கூடியமையால். அது ஏன் வந்தது? கல்-4 ஈர்த்தமையால். முன்பு ஈர்க்காத கல்-4 இப்பொழுது ஏன் ஈர்த்தது? கல்-80 விலகியமையால். அதனை விலக்கியது கல்-3; கல்-3 ஐ எழுப்பியது கலக்டோசு; கலக்டோசை ஊற்றியவர் ஆய்வாளர். மறுபுறத்தில், கல்-3 உம் கல்-80 உம் எங்கிருந்து வந்தன எனின், அவற்றுக்கும் பரம்பரையலகுகள் உண்டு, அவற்றின் முன்னே தூண்டற்பகுதிகள் உண்டு, அத்தூண்டற்பகுதிகளிற் கல்-4 பற்றும் இடங்களும் உண்டு. கட்டுப்படுத்துவதாகக் கூறப்படுவது தானும் கட்டுப்படுகின்றது. சங்கிலி என்றோம்; வளையம் என்பதே பொருத்தம்.

ஆயினும் இத்துறையின் சொற்கள் வளையத்தை நினைவூட்டுவன அல்ல. 1961 இற் பிரெஞ்சு விஞ்ஞானிகளான பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மொனோ ஆகிய இருவரும் பற்றீரியாக்களின் இலற்றோசு நொதியங்கள் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டபோது, 'ஒழுங்குபடுத்தி', 'இயக்கி', 'அடக்கி', 'நிகழ்ச்சித்திட்டம்' ஆகிய சொற்களை உயிரியலுக்குள் கொண்டுவந்தனர். தூண்டற்பகுதிக்குரிய பிரெஞ்சுச் சொல்லை 1964 இல் அறிமுகஞ்செய்தவர்களுள்ளும் இவ்விருவரும் அடங்குவர். தானியங்கிப் பொறிகளும் கணனிகளும் மனிதரின் கற்பனையை ஆட்கொண்டிருந்த காலம் அது. அச்சொற்கள் ஆராய்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தன. 1965 இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனாற் பொறியிடமிருந்தும் அரசிடமிருந்தும் கடன்பெற்ற சொற்கள் தம்முடன் ஓர் உருவத்தையும் இழுத்து வருகின்றன: மேலிருந்து ஆணையிடும் ஒருவன், கீழிருந்து அதனை நிறைவேற்றும் பலர். டி.என்.ஏ.யை 'எழுத்து' என்று இக்கட்டுரை கூறுவதிலும் அவ்வாபத்து உண்டு. எழுத்து என்றவுடன் எழுதியவன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான் அல்லவா?

காரணம் பற்றிய ஆராய்ச்சியில் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பாகுபாட்டை இவ்விடத்திற் பயன்படுத்திப் பார்க்கலாம். சைவ சித்தாந்த நூல்கள் ஒரு குடம் உண்டாவதற்கு மூன்று காரணங்கள் கூறும். மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். கல்-1 இன் படியெடுப்பாகிய காரியத்துக்கு முதற்காரணம் ஆர்.என்.ஏ.யின் கூறுகளாகிய மூலக்கூறுகள் என்று எளிதிற் கூறலாம். படியெடுக்கும் பொறித்தொகுதியைத் துணைக்காரணத்துள் அடக்கலாம். நிமித்தகாரணம் எது? பாடநூலின் நடை தூண்டற்பகுதியையே அவ்விடத்தில் அமர்த்துகின்றது. ஆனாற் குயவனுக்குரிய இலக்கணம் எதுவும் அதற்கு இல்லை. அது அசைவதில்லை; அறிவதில்லை; கலக்டோசு வந்ததா, குளுக்கோசு உள்ளதா என்பது அதற்குத் தெரியாது. அது செய்வதெல்லாம், ஓர் உருவமுடைய புரதம் வந்தாற் பற்றிக்கொள்ள இடங்கொடுத்தலே. சக்கரம் சுழலும் தறி என்று வேண்டுமானாற் கூறலாம்.

இது வெறும் சொல்விளையாட்டன்று என்பதை அமெரிக்காவில் மார்க் டாஷ்னியும் அவருடன் பணியாற்றியோரும் 1980 களிற் செய்த பரிசோதனைகள் காட்டுகின்றன. அவர்கள் 1985 இற் கல்-4 இன் பற்றும் பகுதியை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் லெக்ஸ்-ஏ என்னும் பற்றீரியப் புரதத்தின் பற்றும் பகுதியை ஒட்டினர். தூண்டற்பகுதியிலும் 17 எழுத்திடங்களை நீக்கி, லெக்ஸ்-ஏ பற்றும் பற்றீரிய இடத்தை வைத்தனர். மதுவத்தோடு யாதொரு தொடர்பும் அற்ற அத்தொடரிலிருந்து மதுவத்தின் படியெடுப்புத் தொடங்கியது. அடுத்த பரிசோதனை இன்னும் வியப்பானது. 1987 இல், இம்முறை கல்-4 இன் பற்றும் பகுதியை வைத்துக்கொண்டு, செயற்படும் பகுதியை நீக்கி, அதன் இடத்திற் பற்றீரிய டி.என்.ஏ.யிலிருந்து கண்டபடி வெட்டியெடுத்த துண்டுகளை ஒட்டினர். அத்துண்டுகளுள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று, மதுவத்தின் பரம்பரையலகைத் தூண்டும் ஆற்றல் பெற்றிருந்தது! கல்-4 மதுவத்துக்கு வெளியேயும், ஈயின் கலங்களிலும் பாலூட்டிகளின் கலங்களிலும் கூட, தன் 17 எழுத்திடம் கிடைத்தால் வேலை செய்யும் என்பதும் 1988 அளவில் தெரியவந்தது.

இப்பரிசோதனைகளிலிருந்து டாஷ்னி கண்ட முடிவு, தூண்டுதல் என்பது 'அழைத்துவருதல்' என்பதாகும். ஓரிடத்தில் ஒரு புரதம் ஒட்டும். அதன் மறுபுறம் வேறொன்றில் ஒட்டும். இவ்விரு ஒட்டுக்களால் இரண்டு பொருள்கள் அருகருகே வந்து சேரும். அதற்கு மேல் ஆணை என்று எதுவும் இல்லை. ஓர் அரசனின் முத்திரையை எடுத்துவிட்டு, தெருவிற் கிடந்த காகிதத்துண்டைப் பதித்தாலும் நூற்றுக்கு ஒருமுறை சேனை புறப்படும் என்றால், புறப்படச் செய்தது முத்திரையின் அதிகாரம் என்று நாம் கூறுவோமா?

தடை நீங்குதலே காரணமாகும் நிலையும் உண்டு. கருவினுள் டி.என்.ஏ. வெறுமையாகக் கிடப்பதில்லை, 'இசுற்றோன்' என்னும் புரதங்களின் மேற் சுற்றப்பட்டுச் சிறு உருளைகளாக அடுக்கப்பட்டிருக்கும். 1988 இல் ஹான், கிறன்ஸ்ரீன் ஆகியோர் மதுவக் கலத்தில் இசுற்றோன் ஒன்றின் ஆக்கத்தை நிறுத்தி அவ்வுருளைகளைக் குறைத்தபோது, வழக்கமான தூண்டற் புரதத்தை வேண்டாமலே சில பரம்பரையலகுகள் படியெடுக்கப்படத் தொடங்கின. சுற்றியிருந்த பொருள் அகன்றமையே அங்கு போதுமானதாயிற்று.

இனி, மெய்யியலாரிடையே நிகழ்ந்த வேறொரு பழைய வாதத்துக்கு வருவோம். காரியம் தோன்றுமுன்னரே காரணத்தினுள் இருந்ததா, புதிதாகத் தோன்றியதா என்பது அது. உள்ளதே தோன்றும், எள்ளிலிருந்து எண்ணெய் வரும், மணலிலிருந்து வராது என்று கூறிச் சாங்கியரும் சித்தாந்திகளும் சற்காரியவாதத்தை நிலைநாட்டினர். முன் இல்லாததே தோன்றும் என நியாய வைசேடிகர் மறுத்தனர். பரம்பரையலகு பற்றிப் பொதுமக்களிடையே இன்று வழங்கும் எண்ணம் சற்காரியவாதத்தின் கொச்சையான வடிவம் என்றே கூறவேண்டும். மனிதனின் உயரம், நோய், அறிவு, கோபம் யாவும் எள்ளில் எண்ணெய்போல டி.என்.ஏ.யில் ஒளிந்திருக்கின்றன என்பதே அவ்வெண்ணம். பழைய சற்காரியவாதிகளேனும், காரியம் சூக்குமமாய்க் கிடப்பதால் மட்டும் வெளிப்படாது, செக்கும் ஆட்டுவோனும் வேண்டும் என்பதை மறந்தாரல்லர். இன்றையோர் குயவனை நீக்கிவிட்டு, குயவனின் உள்ளத்தை மண்ணின்மேல் ஏற்றிவிட்டனர்.

இவ்வெண்ணத்தை மதுவம் எவ்வாறு சோதிக்கின்றது? 2020 இல் வெளிவந்த ஆய்வொன்றில் டி போயர் முதலியோர் 80 எழுத்து நீளமுள்ள தொடர்களை முற்றிலும் எழுமாற்றாக ஆக்கி, தூண்டற்பகுதியில் வைத்து, மதுவக் கலங்களிற் சோதித்தனர். அவ்வாறு சோதிக்கப்பட்ட தொடர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவை. அவற்றை எந்த உயிரும் தன் கூர்ப்பின் வழியாகப் பெற்றதில்லை. எந்த நோக்கத்துக்காகவும் எவரும் எழுதியதில்லை. ஆயினும் அவை படியெடுப்பைப் பல்வேறு அளவுகளில் நிகழ்த்தின. மீண்டும் சோதித்தபோது அதே அளவுகளைத் தந்தன. பற்றுமிடங்கள் தற்செயலாக அமைந்திருந்தமையே அதற்குக் காரணம். வலிமையான ஒன்றிரண்டு இடங்களோடு, வலிமை குன்றிய பல இடங்களும் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் விளைவை ஆக்குகின்றன எனவும் அவர்கள் கண்டனர். பொருளற்ற தொடரும் தூண்டுமாயின், தூண்டுதலைக் கொண்டு தொடரின் உள்ளே ஒரு கருத்து இருந்தது என்று அனுமானிக்க முடியாது.

இவ்விடத்தில் எதிர்வாதி ஒருவர் எழுந்து, 'அதே ஆய்வே உம்மை மறுக்கின்றதே' என்று கூறக்கூடும். அவர் கூறுவது நியாயமானது. எழுத்துத் தொடரை மட்டும் கணனிக்குக் கொடுத்து, அது எவ்வளவு படியெடுப்பை நிகழ்த்தும் என்று முன்கூட்டியே கணிக்க அவ்வாய்வாளரால் முடிந்தது. எழுமாற்றுத் தொடர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 94 பங்கும், மதுவத்துக்கே உரிய தொடர்களில் நூற்றுக்கு 89 பங்கும் அக்கணிப்பு வேறுபாடுகளை விளக்கிற்று. தொடரை அறிந்தால் விளைவை அறியலாம் என்றால், விளைவு தொடரினுள் இருந்தது என்பதில் என்ன தவறு?

தவறு, 'தொடரை அறிந்தால்' என்பதன் முன்னே சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனையில் இருக்கின்றது. கணிப்பு, குறித்த ஓர் ஊடகத்தில், குறித்த ஓர் இன மதுவத்தில், மற்றவை யாவும் ஒன்றேபோல் இருக்க, தொடரை மட்டும் மாற்றிப் பெற்ற தரவுகளின்மேல் எழுந்தது. தொடர் ஒன்றே மாறுமாறு அமைத்த பரிசோதனையில், வேறுபாடுகளுக்கெல்லாம் தொடரே காரணமாகத் தோன்றுவது இயல்பு. அதே கல்-1 தூண்டற்பகுதியை எல்லாக் கலங்களுக்கும் வழங்கி, வெல்லத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால், வேறுபாடு முழுவதற்கும் வெல்லமே காரணமாகும். தொடரின் பங்கு பூச்சியமாகும். உலகில் எதுவும் மாறவில்லை. எதனை மாற்றுவது என்று ஆய்வாளர் கொண்ட முடிவு ஒன்றே மாறியது. வேறுபாடுகளைப் பங்கிடுவது வேறு, காரணங்களை ஆராய்வது வேறு என்பதனைப் பிறப்புரிமையியலாளர் ரிச்சர்ட் லெவொன்ரின் 1974 இலேயே வற்புறுத்தினார். அவர் கூற்று இன்றுவரை போதிய அளவுக்குச் செவிமடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

தொடரும் ஊடகமும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்போதுகூட விளைவு வேறுபடலாம் என்பது இன்னும் ஆழமான செய்தி. 2005 இல் அகார், பெக்ஸ்கி, வான் ஊடெனார்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், முன்னர் கலக்டோசில் வளர்ந்த கலங்களும் வளராத கலங்களும் ஒரே அளவு கலக்டோசு கொண்ட ஊடகத்தில் விடப்பட்டன. குறித்த ஓர் அளவெல்லைக்குள், முன்னையவை தொடர்ந்து கலக்டோசு நொதியங்களை ஆக்கின, பின்னையவை ஆக்காதிருந்தன. இவ்வேறுபாடு பல தலைமுறைகளுக்கு நீடித்தது. நாம் மேலே கண்ட வளையமே இதற்கு ஏதுவாகும்: ஒருமுறை ஆக்கப்பட்ட கல்-3 தன் ஆக்கத்துக்குத் தானே துணைபுரிகின்றது. ஒரே தொடர், ஒரே உணவு, வேறு வரலாறு. ஆகவே வேறு நடத்தை. மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிரின் செய்தி இது!

வரலாறும் ஒன்றாக இருந்தால்? அப்பொழுதும் கலத்துக்குக் கலம் வேறுபாடு எஞ்சும். பற்றிக்கொள்ளும் புரதங்கள் எண்ணிக்கையிற் சிலவே; அவை வந்து மோதுவதும் விலகுவதும் நிகழ்தகவைப் பொறுத்தவை. ராசர், ஓஷே ஆகியோர் 2004 இல் மதுவத்திற் செய்த ஆய்வு, இத்தகைய ஏற்றத்தாழ்வின் பரப்பு எவ்வளவு என்பது தூண்டற்பகுதிக்குத் தூண்டற்பகுதி வேறுபடும் என்று காட்டிற்று. ரீ-ஏ-ரீ-ஏ தொடரைச் சிதைத்தால் அப்பரப்புக் குறையலாம். எனவே தொடர் நிர்ணயிப்பது தனி விளைவு ஒன்றை அன்று, விளைவுகள் எவ்வளவு பரந்து சிதறலாம் என்பதனையே என்று கொள்ளவேண்டும்.

இவற்றைக் கூறுவதனால், தொடருக்கு முக்கியத்துவமே இல்லை என்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. அவ்வாறு வாதிப்போர் சமூகவியற் கட்டுரைகளில் உளர். அவர்கள் ஆய்வுகூடத்துக்குள் ஒருநாளேனும் சென்றுவருதல் நன்று. 17 எழுத்திடங்கள் நான்கையும் நீக்கிவிட்டால், கலக்டோசை எவ்வளவு ஊற்றினாலும் கல்-1 விழித்தெழாது. கலக்டோசு காரணமாவதே அவ்விடங்கள் இருப்பதனால்தான். எந்தச் சூழ்நிலைக்கு உயிர் செவிகொடுக்கும், எதற்குக் கொடுக்காது, எவ்வளவு மிகையாக எதிர்வினை புரியும் என்பனவற்றைத் தூண்டற்பகுதி வரையறுக்கின்றது. அது சூழ்நிலைக்கு எதிரான ஓர் அதிகாரமாக நிற்பதில்லை. சூழ்நிலை உள்ளே நுழையும் வாயிலாக நிற்கின்றது. வாயில் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பது வீட்டின் வாழ்வுக்குச் சிறிய காரியம் அன்று. ஆனால் யார் வந்தார்கள் என்பதனை வாயிலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இப்பொழுது திரியெஸ்தே நீதிமன்றத்துக்குத் திரும்பலாம். மதுவத்திலிருந்து மனிதனுக்குத் தாவுவது பெருந்தாவல் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் தாவலை முதலிற் செய்தவர்கள் தூண்டற்பகுதியின் பெயரால் மன்னிப்புக் கோரியவர்களே. அக்கோரிக்கைக்கு அடிப்படையாயிருந்த ஆய்வுகளுள் முதன்மையானது, நியூசிலாந்தின் டனீடின் நகரிற் பிறந்த ஆண்களைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து அவதானித்துக் காஸ்பி, மொஃபிற் முதலியோர் 2002 இல் வெளியிட்டது. அவ்வாய்வு கூறியது யாது? நொதியத்தைக் குறைவாக ஆக்கும் தூண்டற்பகுதியை உடையவர்களுள், சிறுவயதிற் கொடுமைக்கு ஆளானவர்களிடையே பிற்காலத்தில் வன்செயல் மிகுந்து காணப்பட்டது. அதே தூண்டற்பகுதியை உடையவராயிருந்தும் கொடுமைக்கு ஆளாகாதவர்களிடையே அவ்வாறு மிகுந்து காணப்படவில்லை. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதனை ஒருமுகமாக உறுதிப்படுத்தவில்லை என்பதையும் கூறவேண்டும். உறுதிப்பட்டதாகவே வைத்துக்கொள்வோம். மதுவத்திற் கண்டதையே இங்கும் காண்கின்றோம்: தொடர் ஒரு வாயில், அதன் வழியே வந்தது கொடுமை.

'போர்வீரப் பரம்பரையலகு' என்று பத்திரிகைகள் இதற்கு ஒரு பெயர் சூட்டின. வாயிலுக்கு விருந்தாளியின் பெயரைச் சூட்டும் வேலை இது. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நொதியத்தைக் குறைவாக ஆக்கும் இத்தூண்டற்பகுதியை உடையவர் எனக் கணித்துள்ளனர். தொடரே காரணமாயின், மூவரில் ஒருவருக்கு முன்கூட்டியே ஓராண்டுத் தள்ளுபடி வழங்கவேண்டிவரும். அன்றியும், இன்று தண்டனையைக் குறைக்கும் இதே நியாயம் நாளை அதனைக் கூட்டுவதற்கும் உதவும். திருந்த முடியாதவனாகப் பிறந்தவனை ஏன் வெளியே விடவேண்டும் என்று வேறொரு நீதிபதி வினவினால், மன்னிப்புக் கோரியவர் விடையிறுக்க இடமில்லை. இது வெறும் அச்சம் அன்று. 1927 இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், அறிவுக்குறை பரம்பரையாக வருவதென்னும் பெயரில் ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாய மலடாக்கலை அனுமதித்தது. 1933 இல் ஜேர்மனி அதனை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. நம் சமூகத்திற் பிறப்பைக் கொண்டு மனிதரின் குணத்தையும் தொழிலையும் இருக்கையையும் தீர்மானித்தவர்களுக்கு டி.என்.ஏ. என்ற சொல் தெரிந்திருக்கவில்லை; தெரிந்திருந்தால் அவர்கள் அதனை விட்டுவைத்திருப்பர் என்று நம்புவதற்கு இடமில்லை.

மறுபுறத்தில், கலத்துக்குக் கலம் காணப்படும் எழுமாற்று வேறுபாட்டைக் கண்டு, 'இதோ சுதந்திரத்துக்கு இடம் கிடைத்தது' என்று மகிழ்வோரும் உளர். அம்மகிழ்ச்சியும் நிலைக்காது. பகடை விழுந்தபடி நடப்பவன், ஆணையின்படி நடப்பவனைவிடத் தன் செயலுக்கு எவ்வகையிலும் கூடுதலான பொறுப்பாளியல்லன். பொறுப்பு என்பதனைக் காரணச் சங்கிலியில் ஏதோ ஓரிடத்தில் விடுபட்ட கண்ணியாகத் தேடுவது பயனற்றது. மதுவக் கலத்தை நோக்கி 'நீ ஏன் இவ்வாறு செய்தாய்' என்று கேட்பதற்கில்லை. மனிதனை நோக்கிக் கேட்கின்றோம். அவனும் நியாயங்களைக் கூறுகின்றான், கூறிய நியாயத்துக்கு வெட்கப்படுகின்றான், சிலவேளை மாறுகின்றான். நியாயம் கேட்கப்படுதலும் ஒரு சூழ்நிலையே. அச்சூழ்நிலைக்கும் அவனிடம் ஒரு வாயில் உண்டு. 'உன் டி.என்.ஏ. அப்படி' என்று ஒரு நீதிமன்றம் அவனுக்குச் சொல்லும்போது, அந்த வாயிலை அது அடைக்கின்றது.

டனீடின் ஆய்வை உண்மையாகவே மதிக்கும் நீதிமன்றம், இரத்த மாதிரியோடு நின்றிருக்க முடியாது. குற்றவாளியாக நிற்பவரின் ஐந்தாம் வயதிலும் பத்தாம் வயதிலும் அவரை அடித்தவர் எவர், அதனைக் கண்டும் காணாதிருந்த அயலவரும் ஆசிரியரும் அதிகாரிகளும் எவர் என்று விசாரித்திருக்கவேண்டும். அவ்விசாரணையின் முடிவில் அவருடைய பங்கு குறையலாம், குறையாமலும் போகலாம். குறையுமாயின், குறைந்த பங்கு வேறு சிலரின் பெயரிற் பதியப்படவேண்டியதாகும். டி.என்.ஏ.யின் மேற் பதியும்போது அது எவருடைய பெயரிலும் இல்லாமற் போகின்றது.